அருவியாற்றின் வழியே

ஈழத்து நதிகளுள் மகாவலி கங்கைக்கு அடுத்த நீளமுடையது என்று பூகோள நூல்கள் ஒரே வரியிற் சொல்லி முடித்துவிடும் அருவியாறு, ரிட்டிகல மலைப்பக்கத்திலே தோன்றி, அநுராதபுரத்தின் ஓரமாக வளைந்து, வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளப் பகுதியைத் தொட்டு, மன்னார்க் காடுகளினூடே மேற்கு நோக்கிச் சென்று, அரிப்பு என்னும் கடற்கரைக் கிராமத்துக்கு அண்மையிலே மன்னார் வளைகுடாவிற் கலக்குமட்டும் ஏறத்தாழ 164 கிலோமீற்றர் தூரம் ஓடுகின்றது. சிங்கள நாட்டிலே மல்வத்து ஓயா என வழங்கும் இந்த ஆறு மாரியிற் கரைபுரண்டு பாலங்களை மூடும். கோடையிலோ அங்குமிங்கும் மடுக்களை மட்டும் மிச்சம் வைத்து மணலாய்க் கிடக்கும். கரை நெடுகிலும் பருத்த வேர்களோடு மருத மரங்கள் நிற்கின்றன. மடுக்களிலே முதலைகள் கிடக்கின்றன. இரவிலே யானைகள் நீருக்கு இறங்குகின்றன. நீர்ப்பாசனப் பகுதியார் இதனை வேறு கணக்குகளால் அளப்பார்கள். அந்தக் கணக்குகளுக்கு என்னிடம் மரியாதை உண்டு. ஆயினும், தேசாந்தரிகளாய் வந்து இதன் கரையிலே களித்தவர்களும் கலங்கினவர்களுமாகிய மனிதர் சிலரைப் பின்தொடர்ந்து, ஊற்றுப் பக்கத்திலிருந்து கழிமுகம் வரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டும் என்பதே இங்கு என் விருப்பம்.

அநுராதபுரத்திலே முதலில் எதிர்ப்படுபவர் சீனத்துப் பிக்ஷுவாகிய பாஹியான். விநய நூல்களைத் தேடி 399ஆம் ஆண்டிலே தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டு, பாலைவனங்களையும் பனிமலைகளையும் கடந்து, வட பாரதத்திலே பல்லாண்டு சஞ்சரித்து, தாமிரலிப்தித் துறையிற் கப்பலேறிய அவர், பதினான்கு நாட் பிரயாணத்தின் பின் இத்தீவை அடைந்து இரண்டு வருஷம் தங்கினார். கூட வந்தவர்களிற் சிலர் வழியிலே மாண்டார்கள். சிலர் வேறு தேசங்களில் நின்றுவிட்டார்கள். அபயகிரி விகாரையிலே பச்சைக்கல்லாலான புத்தப் பிரதிமையின் அருகே, வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாகச் சமர்ப்பித்ததை ஒருநாள் கண்ட மாத்திரத்திலே, அத்தனை காலமும் அடக்கி வைத்திருந்த தேசஞாபகம் பொங்கி, அவர் கண்கள் நீரைச் சொரிந்தன. துறவிக்கு ஏது தேசம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவருடைய பிரயாண விருத்தாந்தம் முழுவதிலும் என் மனத்துக்கு மிகவும் இசைந்த இடம் இதுதான். தேடி வந்த நூல்களைப் பெற்ற ஆனந்தத்தோடு அவர் மீண்டும் கப்பலேறினார். இருநூறு பேர் சென்ற அந்தக் கப்பல் புயலில் அகப்பட்டு ஓட்டையாகி, வணிகர் தத்தம் சரக்குகளைக் கடலில் வீசத் தொடங்கியபோது, தம் நூல்களையும் வீசிவிடுவார்களோ என்று அவர் நடுங்கியதையும் அவரே எழுதியிருக்கிறார்.

ஆற்றோடு கடல்வரை நடந்தே போனவர் என்று நிச்சயமாய்ச் சொல்லத்தக்கவர் ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரயாணஞ் செய்த 'ஆன்' என்னும் கப்பல், 1659ஆம் ஆண்டின் இறுதியிலே மசூலிப்பட்டினத்துப் பக்கம் புயலிற் பாய்மரத்தை இழந்து, அதனைச் செப்பனிடும் பொருட்டுத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரத்துக்கு வந்தபோது, கப்பற்றலைவரான தந்தையும் பத்தொன்பது வயதான மகனும் மாலுமிகள் சிலரும் கண்டியரசன் இராஜசிங்கனுடைய ஆட்களாற் பிடிபட்டு, 1660இலே மலைநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்த ஆண்டிலேயே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் தன் கையாலேயே அவரை அடக்கஞ் செய்தான். அதன்பின், தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும், சில்லறைச் சாமான்களை ஊர் ஊராய்ச் சுமந்தும் காலத்தைக் கழித்த நொக்ஸ், வியாபாரத்தின் பெயராலே வடக்குத் திசை வழிகளைச் சிறிது சிறிதாக அறிந்துகொண்டார். சிறை என்றாற் பூட்டும் விலங்கும் அல்ல. நிலமும் வீடும் வைத்திருக்கலாம், ஊருக்குத் திரும்புவது ஒன்றுதான் கூடாது. அப்படிப்பட்ட அடைப்பு எத்தகையது என்பதை நம்முடைய மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1679 செப்டெம்பரிலே ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் தோழரோடு புறப்பட்ட நொக்ஸ், அநுராதபுரத்தை அடைந்து விசாரித்தபோது, வடக்கே யாழ்ப்பாணம் போகும் பாதை காவலுள்ளது என்று தெரிந்தது. எனவே பாதையைக் கைவிட்டு, முன்னர்த் தாண்டி வந்த ஆற்றுக்கே திரும்பினார்கள். ஆறு எப்படியும் சமுத்திரத்துக்குப் போய்த்தானே ஆகவேண்டும் என்பதே அவர்கள் கைக்கொண்ட ஒரே சாஸ்திரம். வரைபடமும் வழிகாட்டியும் இல்லாத இருவர், அரிசியும் மான் வற்றலும் சட்டியும் கைக்கோடரியும் சுமந்து, ஒக்டோபர் 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டாற்றின் கரையிலே இறங்கினார்கள்.

அந்த நடையை நொக்ஸ் எழுதியிருக்கும் முறையிலே ஆடம்பரம் சிறிதும் இல்லை. ஊர்கள் ஆற்றை அண்மித்த இடங்களிலே குரல் கேட்டுப் பதுங்கியதும், தினைப்புனத்துக் காவலர் யானை துரத்த எழுப்பிய கூச்சலைத் தம்மைத் தேடுவோரின் கூச்சலென்று அஞ்சியதும், பொந்துள்ள மரமொன்றினுள்ளே ஒளிந்திருந்ததும், இரவிலே தாலிப்பனை ஓலையின் கீழே நெருப்பு மூட்டி யானையை விலக்கியதும், செதுக்கிய கற்களும் தூண்களும் சிதறிக்கிடந்த பாழ்நகர்களைக் கடந்ததும், முட்கள் கிழித்த உடம்போடு நடந்ததும் எல்லாம் வரிசையாக வருகின்றன. காட்டின் நடுவிலே கண்டியரசனது எல்லை முடிந்து, அவர் 'மலபாரிகள்' என்று குறிப்பிடும் தமிழருடைய நாடு தொடங்குகிறது. அதன் அதிபதியாக அவர் குறிப்பிடும் கைலை வன்னியன், ஒல்லாந்தர் யுத்தத்தால் முற்றாக அடக்க முடியாமல், வருஷந்தோறும் யானைகளைத் திறையாகப் பெறுவதோடு திருப்தியடைய வேண்டியிருந்த வன்னித் தலைவன். பதினேழாம் நூற்றாண்டு வன்னியைப் பற்றி அந்நியர் ஒருவர் நேரிலே நடந்து எழுதிய சாட்சியம் என்ற முறையில் இச்சிறு பகுதி நமக்குப் பெறுமதியுடையது.

அந்த நாட்டிலே மரத்தடியிற் சோறு சமைத்துக்கொண்டிருந்த பிராமணர் இருவர் அவர்களுக்கு எதிர்ப்பட்டார்கள். தாடி வளர்ந்து, கந்தையுடுத்து, காட்டிலிருந்து வெளிப்பட்ட வெள்ளையரைக் கண்டு ஓடாமலும் காட்டிக்கொடாமலும், இவர்களுடைய துன்பத்தை விசாரித்து இரங்கி, கத்தி முதலிய சில பொருள்களைக் கைக்கூலியாகப் பெற்றுக்கொண்டு, தமக்கே ஆபத்து வரக்கூடிய நிலையிலும் சிறிது தூரம் வழிகாட்டினார்கள். பெயர் தெரியாத இந்த இருவரையே நான் இந்தச் சரித்திரத்தில் நன்றியோடு நினைப்பது வழக்கம். ஒக்டோபர் 18ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம் அவர்கள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அடைப்பு ஏழு நாள் நடையில் முடிந்தது.

அவர்களை அரிப்பில் விட்டுவிட்டு, நாம் ஆற்றிலே சற்று மேலே திரும்பவேண்டும்; ஏனெனிற் செட்டிகுளத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நொக்ஸ் கடலைத் தேடி இந்த ஆற்றங்கரைக்கு வந்தார். 2009ஆம் ஆண்டிலோ, போரின் முடிவிலே, கடலிடமிருந்து மனிதர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்காலிலே இதற்குமேற் போக இடமில்லை என்று கீழைச் சமுத்திரம் தடுத்த இடத்திலே இறந்தவர் போக எஞ்சியவர்கள், வட்டுவாகற் பாலத்தைக் கடந்து, ஓமந்தைச் சோதனையைக் கடந்து, செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிலே முட்கம்பிக்குள் விடப்பட்டார்கள். 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரேவேளையில் அங்கே இருந்தார்கள். காடு வெட்டிய செம்மண்ணிலே தறப்பாள் கூடாரங்கள். ஒரு கூடாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். தண்ணீருக்கு நீண்ட வரிசை. அந்தத் தண்ணீரும் அருவியாற்றிலிருந்தே இறைத்துச் சுத்திகரிக்கப்பட்டு வந்தது. முகாமின் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியோரின் நாமங்களைச் சூட்டியிருந்தார்கள். அந்த மரியாதையைப் பற்றி நான் எதுவும் சொல்லாமலிருப்பதே மரியாதை. ஆவணி மழைக்கே வெள்ளம் கூடாரங்களுக்குள் புகுந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலேதான் வெளியே போய்வர அநுமதி கிடைத்தது. 2012 செப்டெம்பரிலே முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்கள் தங்கள் சொந்த ஊருக்குப் போகவில்லை. ஊர் இராணுவத்தின் வசமிருந்தமையாற் சீனியாமோட்டையிலே குடியிருத்தப்பட்டார்கள். சொந்த நாட்டிலேயே பரதேசியாவது எப்படி என்பதை அறிய, சீனத்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வரவேண்டியதில்லை.

கீழே போகப் போக ஆறு உழவருக்குரியதாகிறது. தேக்கம் என்னும் அணைக்கட்டிலே மறிக்கப்பட்டு, வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பி, அகத்திமுறிப்புக் குளத்துக்கும் நீர் கொடுத்து, மன்னார் மாவட்டத்து வயல்களை விளைவிக்கிறது. கட்டுக்கரை நெல்லைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும், மேலே செல்வோம்.

காடு குறைந்து, உடைமரமும் மணலும் மிகுந்து, உப்புக் காற்று முகத்தில் அடிக்கும் இடத்திலே அரிப்பு. இதற்கு எதிரே கடலடியிலே உள்ள முத்துப் பார்கள் பல நூற்றாண்டுகளாக உலகத்தை இக்கரைக்கு இழுத்தவை. குளிப்பு நடக்கும் ஆண்டுகளிலே, மாசி முதற் சித்திரை வரையில், யாருமற்ற இம்மணற்பரப்பிலே திடீரென்று ஒரு நகரம் எழும்பும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளிகாரர் வருவார்கள். பின்னாலே செட்டிகளும் தரகரும் துளையிடுவோரும் பிச்சைக்காரரும் வருவார்கள். கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலை வைத்து, ஐந்து முதற் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, மூச்சு அடங்கியிருக்கும் ஒரு நிமிஷ நேரத்துள்ளே சிப்பிகளை வலைப்பையில் வாரி, கயிற்றை அசைத்ததும் மேலே நிற்பவன் இழுத்தெடுக்க வெளிவருவதே குளிகாரனுடைய தொழில். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று கடல்கட்டி ஒருவரை அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. ஆங்கில நிருவாகம் மந்திரத்தை நம்பியதோ இல்லையோ, கடல்கட்டி இல்லாவிட்டாற் குளிகாரர் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதை நன்றாக நம்பியது.

1906ஆம் ஆண்டுக் குளிப்பின்போது, அரிப்புக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியிலே சிப்பி எண்ணும் காரியத்தை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் ஆங்கில அரசாங்க உத்தியோகத்தரான லியனாட் வூல்ப். சிப்பிகளை எண்ணி மூன்றாகப் பிரித்து இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு குளிகாரருக்கும் என்பது ஏற்பாடு. இருபத்தைந்து வயதான அந்த இளைஞர், உறக்கமற்ற இரவுகளையும், முத்தைப் பிரித்தெடுப்பதற்காக அழுகவிடப்பட்ட சிப்பிகளின் துர்க்கந்தத்தையும், ஈக்களின் உபத்திரவத்தையும், அராபியக் குளிகாரனொருவன் இறந்தபோது அவனுடைய தோழர்கள் துக்கம் காத்த பெருமிதத்தையும் தம் சுயசரிதையிலே மறவாமல் எழுதியிருக்கிறார். ஈழத்து முத்துக்குளிப்பைப் பொருளாக வைத்து 1863இலே பாரிஸ் நகரத்தில் பிசே என்பவர் இனிமையான இசைநாடகமொன்றை அரங்கேற்றினார். அந்த நாற்றத்தை ஒருநாள் முகர்ந்திருந்தால் அவர் வேறு கதையைத் தேடியிருப்பார். 1905இலே 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பார்களைக் கம்பெனியொன்று குத்தகைக்கு எடுத்தது. சில வருஷங்களுள் சிப்பியும் ஒழிந்தது, கம்பெனியும் ஒழிந்தது.

முத்துக்குளிப்பைக் கண்டு களிப்பதற்கென்று முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கே கட்டுவித்த மாளிகையை ஊரவர் அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். தூண்களும் சுவர்களும் சிலவே நிற்கின்றன. மிகுதியைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. 1990 ஒக்டோபரிலே வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, இந்த முசலிப் பகுதியிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களும் ஊரை விட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய் அகதிகளானார்கள். அருவியாற்றின் வாயிலே நடந்த அக்கொடுமையைச் சொல்லாமல், செட்டிகுளத்து முட்கம்பியை மட்டும் சொல்வது நியாயமாகாது.

நொக்ஸ் மன்னாரிலிருந்து கொழும்பு, பத்தாவியா வழியாக 1680 செப்டெம்பரிலே லண்டனை அடைந்தார். திரும்பும் கப்பலிலேயே எழுதத் தொடங்கிய அவருடைய நூல் 1681இலே வெளியாயிற்று. அந்நியர் கையில் அடைபட்டிருப்பது இன்னதென்று தம் வாழ்விலேயே கண்டறிந்த அந்த மனிதர், பின்னர்க் கம்பெனிக் கப்பலுக்குத் தலைவராகி, மடகாஸ்கரிலே அடிமைகளை ஏற்றிவரப் பிரயாணம் செய்தார். துன்பம் மனிதரைத் திருத்தும் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்களோ, அறியேன். ஆனால் தாம் கண்டதை மறவாமல் எழுதினார் என்ற ஒன்றினாலேதான் அருவியாறு இன்றும் அவருடைய பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. மெனிக்பாமிலிருந்து மீண்டவர்களும் முசலியிலிருந்து துரத்தப்பட்டவர்களும் நம்மிடையே இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். செட்டிகுளத்திலும் முல்லைத்தீவிலும் முசலியிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணாக்கரை அவரவர் அப்பாச்சி, அம்மம்மா, உம்மம்மா முன்னே உட்காரவைத்து, அவர்கள் நடந்த வழியையும், தங்கிய இடத்தையும், கையில் எடுத்துப்போன பொருளையும் ஒன்றுவிடாமல் கேட்டு எழுதுவிக்க வேண்டும். அதனை இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.