மயிலூற்றில் கண்ட உறவினர்

பெரம்பலூரிலிருந்து லாடபுரம் வழியாகப் பச்சைமலைச் சாரலை அடைந்தால் மயிலூற்று என்னும் அருவி இருக்கிறது. மழை நின்ற சில மாதங்கள்தான் அதற்கு ஆயுள். மார்கழிக் கடைசியில் நான் அங்கே போனது அருவிக்காக அன்று. ஒரு குருவியின் வாலுக்காக.

அரசவால் ஈப்பிடிப்பான் என்பது அதன் பெயர். சின்னான் அளவு உடல். பளபளக்கும் கரிய தலை. ஆணுக்கு வாலின் நடு இறகுகள் இரண்டும் ஏறக்குறைய ஓர் அடி நீளம் நாடாவைப் போல் தொங்கும். நீர்மேல் பறக்கும் பூச்சியை அது பாய்ந்து பிடிக்கையில் அந்த நாடா நெளிவதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காவி நிறத்தில் ஒன்றும் வெண்மையில் ஒன்றுமாகத் தென்படும் இவற்றை இரு வேறு ஜாதிகள் என்றே பல வருஷங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். சிங்களரும் ஒன்றைத் துணித் திருடன் என்றும் மற்றதை நெருப்புத் திருடன் என்றும் பிரித்தே அழைப்பார்கள். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். பெண்ணும் இளம் ஆணும் காவி; சில வருஷங்கள் சென்றபின் ஆண் வெள்ளுடை தரிக்கிறது. நம் ஆசிரம முறைக்கு நேர் மாறு! கடைசிவரை காவியிலேயே இருந்துவிடும் ஆண்களும் உண்டு.

மெய்யாகவே வேறு ஜாதியான உறவினர் சற்று மேலே, புதர் அடர்ந்த நிழலில் இருந்தார். கரும்பிடரி நீல ஈப்பிடிப்பான்: சிட்டுக்குருவி அளவு, நீல உடல், பிடரியில் ஒரு கறுப்புப் பொட்டு, கழுத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. நாடா வால் கிடையாது. இரண்டும் சிலந்தி நூலால் பிணைத்துக் கிண்ணம் போன்ற கூடு கட்டும். நீலக் குருவியில் பெண் கட்ட, ஆண் காவல் இருக்கும். அரசவாலில் ஆணும் முறைபோட்டு அடைகாக்கும். அந்த நீண்ட வால் கூட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்.

1758-இல் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்து அறிஞர் அரசவாலைக் காக்கைகளோடு சேர்த்து எழுதினார். பின்வந்தவர்கள் அதைத் திருத்தி ஈப்பிடிப்பான் குடும்பத்தில் வைத்தார்கள். இக்காலத்து மரபணு ஆராய்ச்சியோ இவ்விரண்டையும் தனிக் குடும்பமாக்கி, அந்தக் குடும்பத்தைக் காக்கையின் உறவுக்கே திருப்பி அனுப்பிவிட்டது!

அரசவால் சமாளித்துக்கொள்ளும். பனிக்காலத்தில் அரியலூர்ப் பக்கத்துப் புளியந்தோப்பிலும் ஏரிக்கரை மரங்களிலும் அதைக் கண்டிருக்கிறேன். நீலக் குருவியோ அடர்ந்த நிழலை விட்டு லேசில் வெளிவராது. திரும்புகிற வழியில் மரவள்ளிக் கொல்லை ஓடைக்கரை வரை இறங்கியிருந்தது. வரப்போரப் புங்கமரத்தில் ஒரு வெள்ளை வால் அசைந்தது. நீலத்தைத் தேடிச் சற்று நின்றேன்; அங்கே ஒளிய ஒரு புதர்கூட மிஞ்சவில்லை.