சனிக்கிழமைச் சம்பளமும் வரிக் கணக்கும்

ஜூலை 1, 2024, திங்கள்

நானும் தம்பியும் நடத்தும் கூட்டு நிறுவனத்தின் வருமான வரிக் கணக்கை ஜூலை 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். இத்தனை வருஷம் பார்த்துக் கொடுத்த பெரியவர் வயதாகிவிட்டது என்று தொழிலை விட்டுவிட்டார். "இனி எதுக்குக்கா ஆடிட்டர்? நாமளே போட்டுக்கலாம்" என்கிறான் தம்பி.

நியாயமான கேள்விதான். கோவை கணபதியில் இரண்டு சிஎன்சி லேத் வைத்திருக்கிறோம். ஃபவுண்டரியில் காஸ்டிங் வாங்கி, பம்ப் கம்பெனிகளுக்கு இம்பெல்லர் கடைந்து கொடுக்கிறோம். போன வருஷ விற்றுமுதல் 1 கோடியே 20 லட்சம். ஜிஎஸ்டியை மாதாமாதம் நானே போடுகிறேன். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1. 14ஆம் தேதி 2பி வந்ததும் கொள்முதல் பில்லோடு ஒப்பிட்டு, 20க்குள் 3பி. டேலியில் கணக்கு எழுதுவதும் என் கையில்தான். அப்படியிருக்க, வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு படிவத்தை நிரப்ப இன்னொருவருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

ஜூலை 4, வியாழன்

தம்பி சொல்லும் வழி வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு. கணக்குப் புத்தகத்தைக் காட்ட வேண்டாம். வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் வந்ததில் 8 சதவீதம் லாபம் என்று காட்டி, ஐடிஆர்-4 போட்டு முடித்துவிடலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி விற்றுமுதல் வரை இது செல்லும்.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1.2 கோடிக்கு 6 சதவீதம் 7,20,000. கூட்டு நிறுவனத்துக்கு அடிப்படை விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதற்கு மேல் செஸ், ஆக 31.2. வரி 2,24,640 ரூபாய். இந்த வழியில் போனால் பங்குதாரர் சம்பளத்தைக் கழிக்க முடியாது. முன்பு முடிந்தது, சில வருஷங்களுக்கு முன் எடுத்துவிட்டார்கள்.

புத்தகக் கணக்கில் போனால்? எங்கள் சம்பளத்துக்கு முன் லாபம் 7 லட்சம். சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு, ஆளுக்குச் சரிபாதி என்று எங்கள் கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. முதல் 3 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம், மொத்தம் 5,10,000. மிச்சம் 1,90,000க்கு வரி 59,280. சம்பளத்துக்கு நாங்கள் தனித்தனியே வரி கட்ட வேண்டும், ஆனால் ஆளுக்கு 2.55 லட்சம்தான், புதிய முறையில் 3 லட்சம் வரை வரியே இல்லை.

ஒரே தொழில், ஒரே வருஷம், ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். தம்பியிடம் காட்டினேன். "அப்ப புத்தகக் கணக்குப்படி ஐடிஆர்-5 படிவத்த நீயே போட்டுரு அக்கா" என்றான்.

ஜூலை 8, திங்கள்

ஆர்.எஸ். புரத்தில் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். கணக்கை நீட்டினேன். அவர் லாப நட்டப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. முதல் கேள்வியே, "சனிக்கிழமை சம்பளம் எப்படிம்மா குடுக்கறீங்க? கவர்லயா, பேங்க்லயா?"

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. அவர் விளக்கினார். 44ஏடி-யில் போகாத தொழிலுக்கு விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டினால் வரித் தணிக்கை கட்டாயம். அந்த வரம்பு 10 கோடியாக உயர வேண்டுமானால், ரொக்க வரவும் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ரொக்கச் செலவும் தாண்டக் கூடாது. இரண்டும் தனித்தனியே. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் விற்பனை முழுக்க வங்கி வழியாகத்தான். வாரக் கூலி மட்டும் கவரில் போகும். 5 சதவீதத்தைத் தாண்ட அந்தக் கவரே போதும். தணிக்கை செய்யாமல் விட்டால் அபராதம் விற்றுமுதலில் அரை சதவீதம். எங்களுக்கு 60,000 ரூபாய்.

ஜூலை 9, செவ்வாய்

கூலி இப்போது வங்கியில்தான் போகிறது. அதற்குக் காரணம் வரிச் சட்டம் இல்லை. பீகார் பையன்கள் ஊருக்குப் பணம் அனுப்ப ஞாயிற்றுக்கிழமை பாதிநாளை வரிசையில் கழிப்பதைப் பார்த்துத் தம்பி மாற்றினான்.

இன்று சில்லறைச் செலவு நோட்டை முழுக்கக் கூட்டினேன். டாடா ஏஸ் வாடகை, காட்டன் வேஸ்ட், டூல் சாணை பிடித்தது, டீ, ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரியும் பூசணிக்காயும், எல்லாம் சேர்த்து 2,87,000. மொத்தச் செலவு 1 கோடியே 10 லட்சத்தை ஒட்டி வருகிறது. அதில் 5 சதவீதம் ஐந்தரை லட்சம். வரவுப் பக்கம் ரொக்கமாக வந்தது லேத் துருவல் விற்ற காசு மட்டும். தப்பித்தோம். கூலியும் கவரில் போயிருந்தால் நோட்டில் இன்னும் 12 லட்சம் ஏறியிருக்கும்.

படிவத்தை நிரப்ப என்னால் முடியும். ஆனால் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது.

ஜூலை 15, திங்கள்

ஆடிட்டர் கேட்ட அடுத்த கேள்வி: மார்ச் 31 அன்று யாருக்கெல்லாம் பாக்கி? பட்டியல் அனுப்பினேன். ஃபவுண்டரிக்கு 1 லட்சம், பிப்ரவரி பில், ஏப்ரலில் கொடுத்தோம். வருமான வரிச் சட்டத்தின் 43பி-யில் புதிதாகச் சேர்ந்த (எச்) பிரிவு இந்த வருஷக் கணக்கிலிருந்துதான் அமலாகிறது. உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளில் பணம் போக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில். இல்லாவிட்டால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். ஆக அந்த 1 லட்சம் இந்த வருஷம் கழியாமல், லாபம் 8 லட்சமாகிறது. எங்கள் சம்பளமும் 5,70,000 ஆக ஏறும், வரி 71,760.

கூடுதலாகப் போவது 12,480 ரூபாய். இந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். பெரிய கம்பெனிகள் மூன்று மாதம் இழுத்தடிக்கும்போது வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்தவர்கள் நாங்கள். எனக்குச் சேர வேண்டிய நியாயம் ஃபவுண்டரிக்காரருக்கும் சேர வேண்டும்.

ஜூலை 24, புதன்

நேற்று பட்ஜெட். நிர்மலா சீதாராமனின் ஏழாவது. டிவியில் ஓடியதெல்லாம் சம்பளக்காரர்களின் வரி அடுக்குகள் பற்றித்தான். எங்களைப் பற்றி இரண்டு விஷயம் உள்ளே இருப்பதாக ஆடிட்டர் காலையிலேயே போன் செய்தார். பங்குதாரர் சம்பளத்தில் 90 சதவீதக் கணக்கு இனி முதல் 6 லட்சத்துக்கு. அது நல்லது. இன்னொன்று, 2025 ஏப்ரல் முதல் பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் வருஷத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனமே 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். என் சம்பளத்தில் நானே பிடித்து, நானே கட்டி, காலாண்டுக்கு ஒரு கணக்கும் கொடுக்க வேண்டும்.

ஜூலை 27, சனி

எங்களிடம் வாங்கும் ஒரு கம்பெனி, "பிரைவேட் லிமிடெட்டா மாறிடுங்களேன்" என்று மறுபடி கேட்டது. தம்பிக்கு ஆசை. அந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம் என்று ஆடிட்டரிடம் கேட்டுவந்தேன்.

அங்கே ஆடிட்டர் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. பதிவான 30 நாளுக்குள் முதல் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் வருஷா வருஷம் தணிக்கை உண்டு. கம்பெனிப் பதிவாளருக்குத் தரும் ஆண்டுப் படிவங்களான ஏஓசி-4, எம்ஜிடி-7ஏ இரண்டும் தாமதமானால் நாளொன்றுக்குப் படிவத்துக்கு 100 ரூபாய். பலருக்குத் தெரியாதது இன்னொன்று: 2013 கம்பெனிச் சட்டத்தின் 144ஆம் பிரிவுப்படி, தணிக்கை செய்பவரே அந்தக் கம்பெனியின் கணக்கை எழுதித் தரக் கூடாது. அதனால் எழுத ஒருவர், சரிபார்க்க ஒருவர் என்று இரண்டு செலவு. வரி விகிதம் 25.168க்கு இறங்கலாம் என்பது உண்மை. ஆனால் எங்கள் சம்பளம் போக மிஞ்சுவது 2.3 லட்சம். அதில் 6 சதவீதம் மிச்சம் பிடித்து என்ன செய்வது? லாபம் பல மடங்கு பெருகட்டும், அப்போது பார்க்கலாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கினாலும் ஒத்துக்கொண்டான்.

ஜூலை 29, திங்கள்

இன்று ஐடிஆர்-5 போட்டாயிற்று. விவரங்களை நான் ஏற்றினேன், ஆடிட்டர் பார்த்தார், ஆதார் ஓடிபி-யில் தம்பி உறுதி செய்தான்.

ஏற்பாடும் முடிவாகிவிட்டது. தினசரிக் கணக்கும் ஜிஎஸ்டியும் என்னிடமே இருக்கும். அதை வெளியே கொடுத்துவிட்டால் எந்த ஆர்டரில் காசு நிற்கிறது, எதில் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாமல் போய்விடும். ஆடிட்டருக்கு வருஷம் 25,000. தாக்கல் நேரத்தில் பார்ப்பது மட்டும் அல்ல, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று முன்கூட்டிய வரி கட்டும் மாதங்களில் ஒரு தரம் உட்கார்ந்து பேசுவதும் சேர்த்து. மார்ச் 31 முடிந்த பிறகு அவராலும் எதையும் மாற்ற முடியாது, அதனால் அந்தச் சந்திப்புகளைத்தான் நான் கேட்டு வாங்கினேன்.

கிளம்பும்போது மூன்றாவது லேத் பற்றிச் சொன்னேன். 16 லட்சம். தீபாவளி ஆஃபரில் எடுக்கலாம் என்பது தம்பியின் எண்ணம். "அக்டோபர் 3க்குள்ள ஓட ஆரம்பிக்கணும்மா" என்றார் ஆடிட்டர். வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய மெஷினுக்கு 15 சதவீதத் தேய்மானத்தில் பாதிதான் கிடைக்கும். எங்களுக்கு அது 1,20,000 ரூபாய்க் கழிவு. உற்பத்தித் தொழிலுக்குத் தரும் 20 சதவீதக் கூடுதல் தேய்மானமும் அந்த வருஷம் பாதியாகும். பில் தேதி போதாது, மெஷின் நிஜமாகவே ஓடியிருக்க வேண்டும்.

டீலரிடம் செப்டம்பர் 20க்குள் இறக்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். தம்பி நாளை காலை ஃபவுண்டேஷன் போடும் கொத்தனாரைப் பார்க்கப் போகிறான்.