வலிக்கு ஒரு வாய்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும் ஆகாயகங்கையும் பலருக்கு நினைவில் எழும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும்போதெல்லாம் நமக்கு இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். அவர், 1914-இல் பாப்டிஸ்ட் மறைபணியாளரின் மகனாக அம்மலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட்.

வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய அவர் ஓர் உண்மையைக் கண்டார். அவர்களுடைய விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலியுணர்வு மாண்டுபோவதால், சுட்டதையும் வெட்டியதையும் அறியாமல் கையைப் பயன்படுத்தியே சிதைத்துக்கொள்கின்றனர். ஆகவே வலி இறைவனின் கொடை என்று அவர் வாழ்நாளெல்லாம் எடுத்துரைத்தார்.

ஓரியின் விழாவில் இளைஞர் வில்லேந்தி நிற்பதைக் காணும்போது, இவ்வுண்மை விளையாட்டுக் களத்திற்கும் பொருந்துமே என்று எண்ணுகிறோம். வெற்றியை மட்டுமே கேட்கும் களத்தில், வீரர் தம் வலியை, அச்சத்தை, அவமானத்தைச் சொல்ல அஞ்சுகிறார். சொன்னால் கோழை என்பர். அணியில் இடம் போய்விடும். அத்தகைய அணி உணர்விழந்த கையைப் போன்றது.

புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகள் சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தரங்கம் ஊரறியச் செய்தியாயிற்று. மறு ஆண்டே அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அவர் மீண்டெழுந்து பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓட வைத்தது இறையருளன்றி வேறென்ன?

அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், தம் மனமும் உடலும் இசையவில்லை என்று கூறிக் குழு இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். தூற்றியோர் பலர், தோழியரோ அவரைத் தாங்கினர். 2024-இல் பாரிசில் அவர் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். வலியைச் சொல்ல இடமிருந்தால் வலிமை குன்றுவதில்லை.

நம் பள்ளித் திடல்களிலும் பங்கு இளைஞர் அணிகளிலும் என்ன நடக்கிறது? "கால் வலிக்கிறது சார்" என்னும் சிறுவனுக்குக் கிடைப்பது செவியா, ஏச்சா? மதிப்பெண்ணோடு பதக்கத்தையும் எதிர்பார்க்கும் பெற்றோராகிய நாம், தோற்றுத் திரும்பும் பிள்ளையை முதலில் என்ன கேட்கிறோம்?

பந்தயத்தில் பரிசு பெற ஓடுங்கள் என்று கொரிந்தியரை ஊக்குவித்த புனித பவுல், அதே திருமுகத்தில், ஓர் உறுப்பின் துன்பம் உடல் முழுமைக்கும் உரியது என்றும் கற்பித்தார். முன்னதை நம் விளையாட்டு விழாக்களில் தவறாமல் நினைவூட்டுகிறோம். பின்னதையும் அங்கேயே சொல்வோம்.