சாய்கோட்டின் மறுபுறம்

விளையாட்டு வெற்றிப் பட்டியல்களைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒற்றையர் ஆட்டக்காரரின் பெயர் அங்கே தனித்து நிற்கும். இரட்டையர் ஆட்டக்காரரின் பெயரோ எப்போதும் ஒரு சாய்கோட்டை ஒட்டியே காணப்படும். கோட்டின் மறுபுறம் இன்னொரு பெயர் இருக்கும். 2001ஆம் ஆண்டு அனைத்து இங்கிலாந்து இறகுப்பந்துப் போட்டியில் புல்லேலா கோபிசந்த் பட்டம் வென்றதை நம் நாட்டில் அறியாதவர் குறைவு. அதே ஆண்டு, அதே போட்டியில் ஆடவர் இரட்டையர் பட்டத்தை வென்றவர்கள் யாவர் என்று கேட்டால் விடை சொல்வோர் எத்தனை பேர் இருப்பர்? இந்தோனேசியாவைச் சேர்ந்த டோனி குணவானும் ஹாலிம் ஹர்யாந்தோவும் அப்பட்டத்தை வென்றார்கள். இவர்களுள் முன்னவரின் ஆட்ட வாழ்வைப் பற்றியே இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

இதை எழுதும் நாங்கள் இருவர். ஒரே பள்ளியில் ஆசிரியப் பணி செய்தோம். இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரே பக்கத்தில் நின்று இரட்டையர் ஆட்டம் ஆடினோம். இளமையில் எங்களுக்கு வாய்த்தது கம்பளி நூல் பந்தைக் கொண்டு பக்கத்துக்கு ஐவராக ஆடும் பூப்பந்துதான். இறகுப்பந்துக்கு வந்தது பின்னாளில். (இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. அவர்களோடு வாதாடுவதை நாங்கள் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின.) எங்கள் வெற்றிகள் மாவட்ட எல்லையைத் தாண்டியவை அல்ல. எனினும் நான்கு கால்களும் இரண்டு மட்டைகளும் ஓர் எண்ணத்தின்படி இயங்குவது எத்தகைய அனுபவம் என்பதை ஓரளவு அறிந்திருக்கிறோம்.

டோனி குணவான் 1975இல் சுரபாயா நகரில் பிறந்தவர். குணவான் என்ற பெயரைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரு நெருக்கம் உண்டானது. அவருடைய புகழ்பெற்ற துணைவரின் பெயர் சந்திரா விஜயா. இரண்டும் நம் பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கத்தக்க பெயர்கள்! வடமொழிச் சொற்கள் கடல் கடந்து சாவகத்தில் வேரூன்றிய வரலாறு நெடியது. அதைப் பேச இது இடமன்று.

இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். 1999இல் அனைத்து இங்கிலாந்துப் பட்டத்தை இணைந்து வென்றார்கள். அடுத்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கொரியாவின் லீ டோங்-சூ, யூ யோங்-சுங் இணையை 15–10, 9–15, 15–7 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றார்கள். சிட்னியில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. அந்நாட்டில் இறகுப்பந்து எந்த அளவுக்கு மக்கள் நெஞ்சோடு கலந்தது என்பதை அறிய ஒரு செய்தி போதும். அதுவரை இந்தோனேசியா பெற்ற ஒலிம்பிக் தங்கங்கள் அனைத்துமே இறகுப்பந்தில் பெற்றவைதாம்.

இரட்டையர் ஆட்டத்தில் பார்வையாளரின் கண்கள் பின்வரிசையிலிருந்து எகிறி அடிப்பவரையே தொடரும். அந்த அடிக்கு வழி செய்தவர் யார் என்பதை அவை பெரும்பாலும் காண்பதில்லை. தாக்கும்போது ஒருவர் வலையருகிலும் மற்றவர் அவருக்குப் பின்னாலும் நிற்பார்கள். தற்காக்கும்போது இருவரும் பக்கவாட்டில் பிரிந்து நிற்பார்கள். இந்த நிலைமாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில், வாய்ச்சொல் இல்லாமல் நடந்தாக வேண்டும். எதிரியை மேலே தூக்கி அடிக்கும் நிலைக்குத் தள்ளுவதே முன்னால் நிற்பவரின் வேலை. குணவான் இக்கலையில் தலைசிறந்தவர்களுள் ஒருவர் என்பது அறிந்தோர் கருத்து. வன்மையாக அடிக்கப்போவது போல மட்டையை ஓங்கிவிட்டுப் பந்தை மெல்லத் தட்டி வைப்பார். வேகமாக வரும் பந்தை வலையோரத்தில் ஓசையின்றி இறக்கி வைப்பார். அடுத்த நொடியில் எதிரி தடுமாறித் தூக்கும் பந்து, காத்திருக்கும் துணைவருக்குப் பரிசாக வந்து சேரும். கைதட்டல் துணைவருக்கே போகும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தோன்றவில்லை.

அக்காலத்து விதி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டுக்கு முன் சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி உண்டு. இரட்டையரில், ஆட்டத்தின் தொடக்கத்தைத் தவிர, ஒருவர் தம் சர்வீஸை இழந்தால் பந்து உடனே எதிரியிடம் போய்விடாது. துணைவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதற்கு இரண்டாம் சர்வீஸ் என்று பெயர். ஒருவர் இழந்ததை மற்றவர் மீட்கலாம். இருபத்தொரு புள்ளி முறை வந்ததும் இந்த ஏற்பாடு மறைந்தது. புதிய முறை விறுவிறுப்பானது, தொலைக்காட்சிக்கு உகந்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இரண்டாம் சர்வீஸை எடுத்துவிட்டவர்கள் இரட்டையர் ஆட்டத்தை ஆழ்ந்து நேசித்தவர்கள் அல்லர் என்பது எங்கள் கருத்து. பந்தை வலையில் அடித்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் தோழரைக் கடந்து சென்று அவர் விட்ட சர்வீஸை நாம் எடுத்துப் போடும் அந்தக் கணம் இனி வராது.

சிட்னியில் தங்கம் வென்ற இணை நீடிக்கவில்லை. சந்திரா விஜயா, 1997இல் கிளாஸ்கோவில் தம்மோடு உலகப் பட்டம் வென்றிருந்த சிகிட் புடியார்த்தோவிடம் திரும்பினார். குணவான் ஹாலிமோடு சேர்ந்தார். 2001இல் செவில் நகரில் கொரியாவின் கிம் டோங்-மூன், ஹா டே-குவோன் இணையை இறுதியில் வென்று உலகப் பட்டத்தையும் பெற்றார். பின்னர் தாயகத்தை விட்டு அமெரிக்காவுக்குச் சென்றார். கலிபோர்னியாவில் பயிற்சியாளர் ஆனார். வியட்நாமில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்த ஹாவர்ட் பாக் அவருடைய புதிய துணைவர்.

இந்த இடத்தில்தான் எங்கள் கதை அவர் கதையோடு உரசுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்களுள் மூத்தவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம், ஆடுகளம் மட்டும் வேண்டாம் என்றார் மருத்துவர். மூத்தோர் போட்டிக்கு இரண்டு மாதங்களே இருந்தன. இளையவர் மட்டையை உறையிலிட்டுப் பரணில் வைத்துவிட்டார். "அண்ணாச்சி இல்லாமல் நான் களத்தில் இறங்க மாட்டேன்" என்று சொன்னார். மூத்தவருக்கு வந்ததோ கோபம். "நீ ஆடாமல் இருந்தால் என் முட்டி சரியாகிவிடுமா?" என்று கேட்டார். ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளில் அப்படி நிகழ்ந்ததே இல்லை.

துணை மாறுவது துரோகமா? இளையவர் அப்படித்தான் நினைத்தார். மூத்தவர் வெளியே அப்படி நினைக்கவில்லை. உள்ளே என்ன நினைத்தார் என்பதை இளையவரிடம் கூடச் சொல்லவில்லை. இதை எழுத அமர்ந்தபோதுதான் சொன்னார். புதியவர் ஒருவர் தம் இடத்தில் நின்று தம்மைவிட நன்றாக ஆடிவிடுவாரோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த அச்சத்தை மறைக்கவே கோபம் வந்தது.

2005 ஆகஸ்டில் அனாஹைம் நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தை நாங்கள் பலமுறை பேசிப் பார்த்திருக்கிறோம். ஒரு பக்கம் குணவானும் பாக்கும். மறுபக்கம் சந்திரா விஜயாவும் சிகிட் புடியார்த்தோவும். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரே மேடையில் தங்கம் அணிந்த இருவர் இப்போது வலையின் இரு பக்கங்களில் நிற்கிறார்கள். ஒருவர் எந்தக் கோணத்தில் தோளைச் சாய்த்தால் பந்து எங்கே வரும் என்பது மற்றவருக்குத் தெரியும். தெரிந்ததை எதிராகப் பயன்படுத்தாமல் இருக்கவும் முடியாது. விட்டுக்கொடுத்தால் அது தோழமைக்கே இழுக்கு. 15–11, 10–15, 15–11 என்று மூன்றாவது ஆட்டம் வரை போய் குணவானும் பாக்கும் வென்றார்கள். இறகுப்பந்தில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. தாம் பிறந்த நாட்டை, தம் பழைய துணைவரை, தாம் கோடிட்டுக் காட்டிய உத்திகளை எல்லாம் வென்ற ஒருவருக்கு அன்றிரவு உறக்கம் வந்திருக்குமா என்று இளையவர் கேட்பதுண்டு. நன்றாகவே வந்திருக்கும், மூன்று ஆட்டம் ஆடிய களைப்பு என்பார் மூத்தவர்.

மறு ஆண்டில் நடந்தது இன்னும் வியப்பானது. 2006 ஜப்பான் ஓப்பன் போட்டியில் குணவானும் சந்திரா விஜயாவும், வெவ்வேறு நாட்டுக் கொடிகளின் கீழ், மீண்டும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். பட்டமும் வென்றார்கள். இச்செய்தியைப் பழைய குறிப்பேட்டில் கண்டு இளையவரிடம் காட்டியவர் மூத்தவர்தாம். அன்று மாலை பரணிலிருந்து மட்டை இறங்கியது.

குடியுரிமை இல்லாததால் 2004, 2008 ஒலிம்பிக் போட்டிகளில் குணவான் அமெரிக்காவுக்காக ஆட இயலவில்லை. 2011இல் குடியுரிமை கிடைத்தது. மறு ஆண்டு லண்டனில், தம் முப்பத்தேழாம் வயதில், பாக்குடன் களமிறங்கினார். குழுச் சுற்றோடு வெளியேறினார்கள். தங்கம் வென்று பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தோற்பதற்கென்றே ஒருவர் அவ்வளவு தூரம் வருவாரா எனச் சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வி எங்களுக்குப் புரிவதில்லை.

எங்கள் இளையவருக்கு வாய்த்த புதிய துணை ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்; இடக்கைக்காரர். இருவருக்கும் நடுவே வரும் பந்தை யார் எடுப்பது என்பதே பெரும்பாடு. முன்பெல்லாம் அதற்கு ஒரு பார்வை கூடத் தேவைப்பட்டதில்லை; இப்போது 'எனது, எனது' என்று இருவரும் கூவி, இருவருமே விட்டுவிடுகிறார்கள். முதல் போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றார்கள். மூத்தவர் வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தார். கோட்டுக்கு வெளியே விழப்போகும் பந்தைக் கண்டால் 'விடு' என்று குரல் கொடுப்பது இருபத்து நான்கு ஆண்டுப் பழக்கம். வெளியிலிருந்து அவ்வாறு சொல்ல விதி இடம் தராது. நடுவர் இருமுறை எச்சரித்தார். மூன்றாம் முறை நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, அவரை மண்டபத்தின் மறுகோடிக்குப் போய் அமருமாறு பணிவோடு கேட்டுக்கொண்டார்.