ஒரு கை காலியாக இருக்கட்டும்!

பயணத்துக்கு முந்தைய இரவு. கூடத்தில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்று என்னுடையது, இன்னொன்று அம்மாவுடையது. நடுவில் என் கேமரா பை. கையில் தூக்கிப் பிடித்து எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசில் அதை மாட்டினேன்.

10 கிலோ 100 கிராம்.

விமானத்துக்குள் கையோடு எடுத்துச்செல்ல எங்கள் டிக்கெட்டில் அனுமதித்தது 7 கிலோ.

கேமரா 700 கிராம். மூன்று லென்ஸ்கள் சேர்ந்து ஏறக்குறைய 3 கிலோ. ஃப்ளாஷ், ட்ரைபாட், லேப்டாப், சார்ஜர்கள், பவர் பேங்க். எல்லாம் போக, வெறும் பையே 2 கிலோ! "உள்ளே ஒண்ணும் இல்லாமலே இவ்வளவு கனமா இருக்கே, இந்தப் பைக்கு யாருடி டிக்கெட் எடுக்கறது?" என்று சிரித்தார் அம்மா.

ஃப்ளாஷையும் ட்ரைபாடையும் செக்-இன் பெட்டிக்கு மாற்றினேன். என் பெட்டியில் ட்ரைபாட் நீளவாக்கில் நுழையவில்லை. அம்மாவின் பெட்டியில் குறுக்காக வைத்தால் சரியாக இருக்கும் போலிருந்தது. "வெச்சுட்டுப் போ, நான் அடுக்கிக்கறேன்" என்றார். மீதி எடைக்கு எல்லோரும் செய்யும் தந்திரம்தான். மறுநாள் இரண்டு லென்ஸ்களை ஜாக்கெட் பாக்கெட்டுகளில் திணித்துக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி நடந்து கவுன்ட்டருக்குப் போனேன். பை 6.6 கிலோ காட்டியது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கரும்பலகையில் வரைந்த கடல்

இது 2023 அக்டோபரில் நடந்தது. போன ஊர் இஸ்தான்புல்.

அம்மா அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் பாஸ்பரஸ் ஜலசந்தியை ஒவ்வோர் ஆண்டும் சாக்பீஸால் கரும்பலகையில் வரைவார். "வேதியியல் பாடத்துல வர்ற பாஸ்பரஸ் வேற, இது வேற" என்ற எச்சரிக்கையும் ஆண்டுதோறும் உண்டு. கருங்கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும், சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நீர்ப்பாதை, மிகக் குறுகிய இடத்தில் 700 மீட்டர்தான் அகலம். வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டை ஒருமுறையாவது கடக்க வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை.

அம்மாவுக்கு அப்போது 67 வயது. சமதளத்தில் நன்றாக நடப்பார். படிக்கட்டிலும் சரிவிலும் மட்டும் கைத்தடி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்காகவே மடக்கும் கைத்தடி ஒன்று வாங்கியிருந்தோம்.

எட்டு கிலோ சுமையோடு இரண்டு நாள்

இஸ்தான்புல் ஏழு குன்றுகளின் நகரம் என்பது அங்கே போய் நடக்கும்போதுதான் உறைக்கிறது. டிராமில் ஏறினால் முக்கிய இடங்களுக்குச் சுலபமாகப் போய்விடலாம். ஆனால், இறங்கிய பிறகு ஏற்றம், இறக்கம், கல் பாவிய தெரு. சக்கரம் வைத்த பெட்டியை இழுப்பதுகூட அந்தக் கற்களில் பெரும்பாடு.

முதல் நாள் லேப்டாப் தவிர எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஏறக்குறைய 8 கிலோ. ஒரு மியூசியத்தின் வாசலிலேயே பாதுகாவலர் ட்ரைபாடைக் காட்டித் தலையை ஆட்டிவிட்டார். அங்கே மட்டுமல்ல, உலகெங்கும் பல மியூசியங்களிலும் அரண்மனைகளிலும் ட்ரைபாடுக்கு அனுமதி இல்லை. ஃப்ளாஷும் அப்படித்தான். இதைக் கிளம்பும் முன்பே படித்திருக்க வேண்டும். நான் லென்ஸ் விமர்சனங்களை மட்டும்தான் படித்திருந்தேன்.

கி.பி. 537-ல் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா சோஃபியாவின் கூரையை அம்மா அண்ணாந்து பார்த்தபோது, நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். நீல மசூதி என்று அழைக்கப்படும் சுல்தான் அகமது மசூதியில் செருப்பைக் கழற்ற வேண்டும். பையை இறக்கி, ட்ரைபாடைச் சாய்த்து வைத்து, ஷூ கயிற்றை அவிழ்த்து நான் நிமிர்வதற்குள், அம்மா தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்துவிட்டார்.

"ரொம்ப அழகா இருந்துதுடி. நீ பாக்கலையா?"

சரிவில் நீண்ட கை

இரண்டாம் நாள் மாலை சுலைமானியே மசூதிக்குப் போனோம். கட்டடக்கலை மேதை சினான் 1557-ல் கட்டி முடித்தது. குன்றின் உச்சியில் இருக்கிறது. அதன் முற்றத்தில் நின்றால் கீழே 'தங்கக் கொம்பு' எனப்படும் கடல் கழி, அதன்மேல் கலாட்டா பாலம், அக்கரையில் கலாட்டா கோபுரம். "பாலத்துக்கே கலாட்டான்னு பேரா!" என்று அம்மா ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து படகுத்துறை இருக்கும் எமினோனுவுக்கு இறங்கும் தெருக்கள் செங்குத்தானவை. லேசாகத் தூறல் போட்டு, கற்கள் வழுவழுப்பாகியிருந்தன. அம்மாவின் கால் சறுக்கியது. சட்டென்று என் பக்கம் கையை நீட்டினார்.

என் வலக்கையில் கேமரா. இடக்கையில் ட்ரைபாட். முதுகில் பை. அந்த ஒரு நொடியில் எதைப் போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

அம்மா சுவரில் உரசியபடி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் சிராய்ப்பு, முழங்காலில் வலி. எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து ஸ்டூல் போட்டு, இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் டீ கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

"கைத்தடி எங்கம்மா? ரூம்லயே வெச்சுட்டியா?" என்று கேட்டேன்.

அம்மா டீயை ஊதிக் குடித்தபடி சொன்னார். "ஊர்லயே எடுத்து வெச்சுட்டேன். உன் ட்ரைபாட் குறுக்க இருந்ததுல அதுக்கு இடம் இல்ல. நீதான் கூட இருக்கியேன்னு நினைச்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு நாளில் அந்த ட்ரைபாடை ஒரே ஒரு முறைதான் விரித்திருந்தேன்.

மூன்றாம் நாள்: ஒரு கேமரா, ஒரு லென்ஸ்

மறுநாள் காலை முதல் வேலையாகக் கடைத்தெருவில் ஒரு மரக் கைத்தடி வாங்கினோம். துருக்கியில் அதற்கு 'பஸ்தோன்' என்று பெயராம். பெரிய பையை ஹோட்டல் அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். ஒரு கேமரா, அதில் 35 எம்.எம். லென்ஸ், உபரியாக ஒரு பேட்டரி, ஒரு மெமரி கார்டு. குறுக்கே மாட்டும் சின்னப் பையில் எல்லாம் அடங்கிவிட்டது.

இந்த ஊரை உலகுக்குக் காட்டிய புகைப்படக்காரர் அரா குலேர் (1928 - 2018). 'இஸ்தான்புல்லின் கண்' என்றே அவரைச் சொல்வார்கள். பழைய படகுகள், மீனவர்கள், பனிமூட்டத்தில் நடக்கும் சாதாரண மனிதர்கள் என அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஊர் முழுக்கக் கடைகளில் பார்க்கலாம். அவற்றைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. மக்களுக்குப் பக்கத்தில் போய் நின்றவரின் படங்கள் அவை. நானோ 8 கிலோ உபகரணத்தோடு எல்லோருக்கும் தூரத்தில் நின்றிருந்தேன்.

எமினோனுவிலிருந்து ஆசியப் பகுதியில் உள்ள கடிகோய்க்குப் படகில் 20 நிமிடம்தான். டிராம், மெட்ரோ, படகு எல்லாவற்றுக்கும் 'இஸ்தான்புல்கார்ட்' என்ற ஒரே அட்டை போதும். இரண்டு பேருக்கும் அதையே இரண்டு முறை தேய்த்தேன். எள் தூவிய 'சிமித்' ரொட்டியைப் பயணிகள் பிய்த்து வீச, கடற்புறாக்கள் கூடவே பறந்து வந்தன.

படகு நகர்ந்ததும் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் எழுந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கைத்தடியை உயர்த்தி, வகுப்பில் வரைபடத்தைக் காட்டுவதுபோலக் காட்டினார். "இது ஐரோப்பா. அது ஆசியா. நடுவுல நான்."

இன்னொரு கையால் அந்தப் படத்தை எடுத்தேன். தொடுவானம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். இப்போது வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான். ஊருக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். முதல் இரண்டு நாளில் எடுத்தவை 640 படங்கள். அவற்றில் அம்மா இருப்பவை பதினொன்று. பெரும்பாலும் முதுகு!

பெட்டி கட்டும் முன்

அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் விஷயங்களைச் சொல்கிறேன். கேமராவோடு வெளிநாட்டு நகரங்களுக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவலாம்.

* நடந்து பாருங்கள்: பையைத் தராசில் நிறுத்தினால் மட்டும் போதாது. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஒரு கை முழுசாகக் காலியாக இருக்கிறதா? இல்லையென்றால் எதையாவது வெளியே எடுங்கள்.

* லென்ஸ்: நகரச் சுற்றுலாவுக்கு ஒரு சாதாரண ஜூம் லென்ஸ், அல்லது 35 எம்.எம். மாதிரி ஒன்று போதும். எடை கூடிய டெலி லென்ஸ் காட்டுக்கும் பறவைகளுக்கும்தான் அதிகம் பயன்படும். ட்ரைபாடுக்குப் பதிலாகப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்து, 2 விநாடி டைமர் போட்டாலே இரவுப் படங்கள் ஆடாமல் வரும்.

* பேட்டரி: உபரி லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. கணக்கு எளிது: எம்.ஏ.எச். அளவை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் 74 வாட்-அவர். பேட்டரிகளைத் தனித்தனி உறையில் போடுங்கள். உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது.

* சுங்கச் சான்று: விலை உயர்ந்த கேமராவை எடுத்துப்போனால், புறப்படும்போது விமான நிலையச் சுங்க அதிகாரிகளிடம் அதற்கான ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கலாம். திரும்பி வரும்போது 'வெளிநாட்டில் வாங்கியதா?' என்ற கேள்விக்கு அதுவே பதில். பில்லும் சீரியல் எண்ணும் கையில் இருக்கட்டும். இதற்காகக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.

* லேப்டாப் வேண்டாம்: போனில் செருகும் சின்ன கார்டு ரீடர் போதும். தினமும் இரவு முக்கியமான படங்களைப் போனுக்கு மாற்றிவிடுங்கள். அந்தந்த நாளுக்கு ஒரு கார்டு என்று வைத்துக்கொண்டால், ஒன்று தொலைந்தாலும் எல்லாம் போகாது.

* சார்ஜர்: துருக்கியிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் 230 வோல்ட், இரண்டு உருண்டைப் பின். நம் ஊர் மூன்று பின் பிளக் நுழையாது. ஓர் அடாப்டரும், பல போன்களுக்கு ஒன்றாகச் சார்ஜ் ஏற்றும் ஒரு சார்ஜரும் போதும்.

* மருந்து, உணவு: மாத்திரைகள் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கைப்பையில் இருக்க வேண்டும். தொக்கு, ஊறுகாய் செக்-இன் பெட்டிக்கு. இருவர் போனால், ஒருவருடைய மாற்றுடை ஒரு செட் இன்னொருவர் பெட்டியில் இருக்கட்டும். ஒரு பெட்டி வராமல் போனாலும் சமாளிக்கலாம்.

* உடை: மசூதிகளுக்குத் தலையை மூட ஒரு பருத்தித் துப்பட்டா, சுலபமாகக் கழற்றி மாட்டும் ஷூ, சாக்ஸ். மழை வந்தால் கேமராவை மூட ஒரு பிளாஸ்டிக் உறை. இவையெல்லாம் சேர்ந்தாலும் ஒரு லென்ஸ் எடை வராது.

கடைசியாக ஒன்று. கூட வருகிறவர் தன் பெட்டியிலிருந்து எதை எடுத்து வெளியே வைத்தார் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அம்மாக்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

போன மாதம் ஒரு சின்னப் பயணத்துக்குப் பெட்டி கட்டினோம். முதலில் கைத்தடியை வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உன் ட்ரைபாடுக்கு இடம் இருக்குதே, வெச்சுக்கோயேன்" என்றார்.

அது பரணில் இருக்கிறது என்று சொன்னேன்.