மின்கலத்தின் பிழை

சென்ற சனிக்கிழமை மளிகைப் பொருள்கள் வாங்கத் தேக்காவுக்குச் சென்ற நான், அப்படியே ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்கும் நடந்தேன். அண்ணன் ஒரு மின்கலம் வாங்கிவரச் சொல்லியிருந்தார். மின்னணு உதிரிப் பொருள்கள் விற்கும் அக்கட்டடத்தில் நுழையும்போதெல்லாம் 2006ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரும்.

அண்ணன் வானொலி அலைகளால் இயங்கும் மாதிரி விமானங்களைச் செய்து பறக்கவிடுபவர். அன்று அவர் திடலுக்குக் கொண்டுவந்தது, இரண்டரை மீட்டர் இறக்கையும் பெட்ரோல் இயந்திரமும் கொண்ட பெரிய விமானம். அக்காலத்துக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குத் தனித்தனி அலைவரிசை எண் உண்டு. ஒரே எண்ணில் இருவர் கருவியை முடுக்கினால், பறக்கும் விமானம் கட்டுப்பாட்டை இழந்துவிடும். ஆகவே பலகையிலிருந்து தம் எண்ணுக்குரிய அட்டையை எடுத்த பின்னரே கருவியை முடுக்கவேண்டும்.

அண்ணனின் விமானம் ஒரு வளைவில் சொன்னபடி கேளாமல் தரையில் மோதிச் சிதறியது. அதே வேளையில் என் முன்னாள் மாணவன் ஒருவன் தன் கருவியை முடுக்கியிருந்தான். "இவன்தான் அலையைக் கெடுத்தான்" என்று பெரியவர்கள் சூழ்ந்துகொண்டனர். "ஐயா, என் எண் வேறு. பாருங்கள்" என்று அவன் அட்டையை என்னிடம் நீட்டினான். எண் வேறுதான். ஆயினும் அண்ணனின் கோபத்துக்கு அஞ்சி நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் அவன் திடலுக்கு வரவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து, சிதைவிலிருந்து எடுத்த மின்கலத்தை அண்ணன் சோதித்தார். நான்கு நிக்கல் காட்மியம் கலங்கள், மொத்தம் 4.8 வோல்ட். சுமையின்றி அளந்தபோது குறையொன்றும் தெரியவில்லை. 1 ஆம்பியர் சுமை கொடுத்ததும் 4 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது. ஒரு கலம் பழுதாகியிருந்தது. பெரிய விமானத்தில் இறக்கையையும் வாலையும் அசைக்கும் செர்வோக்கள் பல. வளைவில் அவை ஒருசேர மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்து ஏற்பி செயலிழக்கும். தரையில் நிற்பவருக்கோ அது வானலை இடையூறு போலவே தோன்றும்.

இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் ஒன்றின் அலையில் மற்றொன்று குறுக்கிடாதவாறு தாமே பார்த்துக்கொள்கின்றன. எண் அட்டைக்கு வேலையில்லை. ஆனால் மின்னழுத்தம் தாழ்ந்தால் புதிய ஏற்பியும் நின்று மீண்டும் தொடங்கும். விமானம் விழ அந்தச் சில நொடிகள் போதும். ஆகவே அண்ணன் இப்போது ஏற்பிக்கு இரண்டு மின்கலங்களும் இரண்டு விசைகளும் வைக்கிறார். இயந்திரத்தின் தீப்பொறி அமைப்பும் வானலை இரைச்சலை எழுப்பும் என்பதால், அதற்குத் தனி மின்கலம் கொடுத்து, ஏற்பியிலிருந்து ஓரடியேனும் தள்ளிப் பொருத்துகிறார். பறக்கவிடுமுன் மின்கலத்தைச் சுமை கொடுத்தே அளக்கிறார்.

உண்மை தெரிந்ததும் நானும் அண்ணனும் அம்மாணவன் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை, ஐயா" என்றான். ஆனால் அவன் மீண்டும் விமானத்தைத் தொடவில்லை.

வகுப்பில் ஒரு பிள்ளைமீது புகார் வந்தால், இப்போதெல்லாம் அவன் நீட்டும் அட்டையை முதலில் பார்க்கிறேன். பார்த்ததை உரக்கவும் சொல்கிறேன்.