கேஸ் தீர்ந்துபோவதில்லை

மே மாதம் திருப்பதியில் ஏசி மெக்கானிக்கின் போன் ஓய்வதே இல்லை. வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும் அந்த வாரங்களில் கொர்லகுண்டா, பைராகிபட்டெடா, திருச்சானூர் சாலை என்று எந்தப் பக்கமிருந்து அழைப்பு வந்தாலும் பேச்சு ஒன்றுதான்: "ஏசி ஓடுது, ஜில்லுன்னு வரல. கேஸ் போடணும் போல." நோயையும் மருந்தையும் வீட்டுக்காரரே சொல்லிவிடுகிறார். அந்தச் சொல்லை நம்பாத ஒரு மெக்கானிக்குடன்தான் நான் வீடு வீடாகப் போனேன். நகரி பக்கத்துத் தமிழர். ஐடிஐயில் குளிர்சாதனப் பிரிவில் இரண்டு வருடம் படித்தவர். வாடிக்கையாளரிடம் தெலுங்கு, உதவிக்கு வரும் பையனிடம் தமிழ்.

கொர்லகுண்டாவில் ஒரு மாடி வீடு, ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. உள்ளே காற்று வருகிறது, குளிர் இல்லை. கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மொட்டை மாடிக்கு ஏறி அவுட்டோர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காது கொடுத்தார். ஃபேன் சுற்றியது. கம்ப்ரஸர் ஒரு முறை உறுமிவிட்டு 'டக்' என்று நின்றது. சில நிமிடம் கழித்து மறுபடி அதே உறுமல், அதே டக். "கேஸ் இல்லம்மா, கெப்பாசிட்டர்" என்றார் வீட்டுக்கார அம்மாவிடம். மெயினை அணைத்து, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு மீட்டர் வைத்தார். 50 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) என்று அச்சிட்டிருந்ததில் முள் 30-ஐத் தாண்டவில்லை; தலையும் லேசாக உப்பியிருந்தது. புதியதை மாட்டியதும் கம்ப்ரஸர் பிடித்தது. சற்று நேரத்தில் தடித்த பைப் குளிர்ந்து வியர்த்தது. பைப்பைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். வேறு யாராவது வந்திருந்தால் கேஸ் போட்டதாகச் சொல்லி இரண்டாயிரம், மூவாயிரம் வாங்கியிருக்கலாம். அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.

லாட்ஜ்களில் சிக்கல் வேறு. ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து ஐந்து கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை இழுத்து வெளியே கொட்ட வேண்டும். யாத்ரிகர் கூட்டத்துக்காக நெருக்கிக் கட்டிய விடுதிகளில், இரண்டு சுவருக்கு நடுவே இருக்கும் சந்தில் அவுட்டோர்களை ஒன்றுக்கொன்று எதிராக மாட்டியிருக்கிறார்கள். ஒன்று கக்கும் அனலை இன்னொன்று உறிஞ்சுகிறது. காயிலில் தூசி வேறு. அழுத்தம் ஏறிக் கம்ப்ரஸர் தானாக நிற்கிறது. அங்கே கேஸைக் கூட்டினால் அழுத்தம் இன்னும் ஏறும், அவ்வளவுதான். தண்ணீர் அடித்துக் காயிலைக் கழுவி, எதிர் அவுட்டோரைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். மேனேஜர் செய்வாரா என்பது சந்தேகம்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சித்தூரில் நாங்கள் போன ஒரு வீடுதான். உள்ளே காயில் முழுக்க ஐஸ் கட்டியிருந்தது. ஐஸ் இருந்தால் குளிர் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் காற்றோட்டம் குறைந்தாலோ கேஸ் குறைந்தாலோதான் காயில் உறைகிறது. இங்கே ஃபில்டர் சுத்தமாக இருந்தது. "வருஷா வருஷம் கேஸ் போடறோம், அண்ணா" என்றார் வீட்டுக்காரர். மெக்கானிக்கின் முகம் சுருங்கிவிட்டது. "கேஸ் பெட்ரோல் இல்லீங்க, எரிஞ்சு தீர்றதுக்கு. மூடின குழாய்க்குள்ளயே சுத்துது. குறைஞ்சா ஓட்டை இருக்குன்னு அர்த்தம். பஞ்சர் பாக்காம காத்து மட்டும் அடிச்சா வண்டி எவ்ளோ தூரம் போகும்?"

அவுட்டோரின் பித்தளை நட்டுக்கு அடியில் எண்ணெய்க் கறை இருந்தது. தூசி அதில் ஒட்டிக் கறுத்திருந்தது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கசியும் என்பதால் அந்தக் கறைதான் அவருக்குத் துப்பு. நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரையைத் தடவினார். கடுகளவுக்கு ஒரு குமிழி வந்து உடைந்தது, மறுபடி வந்தது. செம்புக்குழாயின் விரிந்த வாயில் மெல்லிய விரிசல். அதை வெட்டி, புதிதாக ஃப்ளேர் அடித்து, மறுபடி நைட்ரஜன், மறுபடி நுரை. குமிழி இல்லை. பிறகு வேக்யூம் பம்ப்பை ஓடவிட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். பையன் சிலிண்டரைத் தராசில் வைத்தான். அவுட்டோர் தகட்டில் எழுதியிருந்த எடைக்கு ஆர்-32 கேஸ் உள்ளே போனது. நைட்ரஜன் செலவு என்று ஆக்சிஜன் ஏற்றிப் பார்ப்பவர்கள் உண்டாம். ஆக்சிஜன் உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடும். ஆர்-32 கேஸும் தீப்பிடிக்கக்கூடியது. பக்கத்தில் பீடி பற்றவைக்கப் போன ஒருவரை அவர் அதட்டியது அதனால்தான். கசிந்து போகும் கேஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு கிலோ ஆர்-32 நூறாண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

வேலை முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. வீட்டுக்காரர் சொன்னது: "போன வருஷம் வந்தவரு இருபது நிமிஷத்துல முடிச்சாரே, இதுக்கு ஏன் இவ்ளோ கூலி?"

இந்தத் தொழிலின் துயரம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. திறமை இல்லாமல் இல்லை. திறமையாகச் செய்ய ஆகும் நேரத்துக்குக் கூலி கொடுக்க நமக்கு மனமில்லை. இதே திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் டெய்கின், ப்ளூ ஸ்டார் ஆலைகள் 2023 முதல் ஏசிகளைச் செய்து அனுப்புகின்றன. 2025 மே மாதம் எல்ஜி ஆலைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் 2019-லேயே ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. ஆனால் உதவிக்கு வந்த அந்தப் பையனிடம் சான்றிதழ் இல்லை, இடுப்பு பெல்ட்டும் இல்லை. இரண்டாவது மாடி சன்ஷேடில், ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நட்டைத் திருகினான். காயில் தகடுகள் கீறிய தழும்பு அவன் விரல்களில் நிறைய. மழை தொடங்கினால் வேலையும் குறைந்துவிடும். கோடையின் நாலு மாதச் சம்பாத்தியத்தில்தான் மீதி வருடம்.

உங்கள் வீட்டு ஏசி குளிராமல் போனால் "கேஸ் போடுங்க" என்று அழைக்காதீர்கள். "என்ன பழுதுன்னு பாருங்க" என்று கேளுங்கள். லீக் டெஸ்ட்டுக்கும் வேக்யூமுக்கும் ஆகும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். புதிதாக ஏசி மாட்டுகிறவர்கள், ஒரு ஆள் பயமில்லாமல் நின்று வேலை செய்யக்கூடிய இடத்தில் அவுட்டோரை வையுங்கள்.